ஆர்ம் சிப் லேப்டாப் வாங்கலாமா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

லேப்டாப் கடைகளில் இப்போது ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பார்க்க ஒரே மாதிரி. விலையும் பெரிதாக வித்தியாசப்படாது. ஒன்றில் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப், மற்றொன்றில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் என்ற ஆர்ம் சிப். "பேட்டரி நிறைய நேரம் வரும் சார்" என்று விற்பவர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அதைவிட அதிகம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோர், டிடிபி கடை வைத்திருப்பவர்கள், ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து, பதில் எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்86, ஆர்ம் என்கிறார்களே, அவை என்ன?

இரண்டு எண்களைக் கூட்டு, நினைவகத்திலிருந்து ஒன்றை எடு, நிரலின் இன்னோர் இடத்துக்குத் தாவு என்று பிராசசர் செய்யும் மிகச் சின்ன வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை உண்டு. எந்தக் கட்டளையை எப்படி எழுத வேண்டும், அதற்கு சிப் என்ன செய்ய வேண்டும் என்று வகுத்து வைத்திருப்பதுதான் அதன் கட்டமைப்பு. 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 சிப்பிலிருந்து வளர்ந்தது எக்ஸ்86. இன்டெல்லும் ஏஎம்டியும் இன்று விற்கும் கணினி சிப்கள் அந்த வம்சம்தான். ஆர்ம் வேறொரு வம்சம். அதன் கட்டளைகள் வேறு, அவற்றை எழுதும் முறையும் வேறு.

ஒன்றுக்காகத் தயாரித்த மென்பொருள் மற்றொன்றில் நேரடியாக ஓடாது. கீழே வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

ஆர்ம் புதிதாக வந்ததா?

இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் என்ற கணினி நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் வேலை செய்யத் தொடங்கியது. அதில் இருந்தவை ஏறக்குறைய 25,000 டிரான்சிஸ்டர்கள்தான். 1990இல் ஏக்கார்ன், ஆப்பிள், சிப் நிறுவனமான விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து அதைத் தனி நிறுவனமாக்கின. அதன் வியாபாரம் சிப்பை வடிவமைத்து உரிமம் கொடுப்பது. குவால்காம், ஆப்பிள், சாம்சங், மீடியாடெக் எல்லாம் உரிமம் வாங்கித் தங்கள் சிப்களைச் செய்துகொள்கின்றன.

உங்கள் கையில் இருக்கும் போன் ஆண்ட்ராய்டு என்றாலும் ஐபோன் என்றாலும் உள்ளே இருப்பது ஆர்ம்தான் என்று தயங்காமல் சொல்லலாம். அதாவது உலகத்தில் அதிகம் பழகிய சிப் கட்டமைப்பு இது. லேப்டாப்புக்கு மட்டும்தான் புதுசு.

போனில் இத்தனை காலமாக இருந்தது லேப்டாப்புக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்?

வேகம் போதாமல் இருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மென்பொருள். விண்டோஸ் உலகத்தில் முப்பது, நாற்பது வருடங்களாக எழுதிக் குவித்த மென்பொருள்கள் எல்லாமே எக்ஸ்86க்கானவை. அக்கவுன்ட்ஸ் மென்பொருளிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்கேன் கருவியின் மென்பொருள் வரை எதையும் விட்டுவிட்டு யாரும் புது சிப்புக்குப் போக மாட்டார்கள்.

முயற்சி நடக்காமல் இல்லை. 1990களில் விண்டோஸ் என்டி, டெக் நிறுவனத்தின் ஆல்பா சிப்பிலும் மிப்ஸ், பவர்பிசி சிப்களிலும் ஓடியது. ஆல்பா அந்தக் காலத்தில் மிக வேகமான சிப். ஆனால் மென்பொருள் போதாமல் அது சாதாரண மேசைகளுக்கு வராமலே போனது.

பிறகு இப்போது என்ன மாறியது?

இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. முதலாவது, சிப் தயாரிக்கும் தொழிற்சாலை. போன்கள் கோடிக்கணக்கில் விற்றதால் தைவானின் டிஎஸ்எம்சி ஒவ்வொரு வருடமும் உற்பத்தி முறையை நுணுக்கமாக்கிக்கொண்டே போனது. அதே சமயம் இன்டெல் தன் 10 நானோமீட்டர் உற்பத்தியில் பல வருடங்கள் சிக்கி, 14 நானோமீட்டரிலேயே நின்றது. இந்த எண் குறையக் குறைய உற்பத்தி முறை நுணுக்கமானது என்று பொருள். லேப்டாப் நிறுவனங்கள் எல்லாம் இன்டெல்லின் கால அட்டவணையை நம்பித்தான் தங்கள் மாடல்களைத் திட்டமிடுகின்றன. சிப் தள்ளிப்போனால் லேப்டாப்பும் தள்ளிப்போகும்.

இரண்டாவது, 2011இல் ஆர்ம் அறிவித்த 64 பிட் வடிவம், அதாவது ஒரே தடவையில் 64 பிட் நீள எண்களைக் கையாளும் வடிவம். அது பழையதன் ஒட்டுவேலை இல்லை. கட்டளைகளைக் கிட்டத்தட்டப் புதிதாக வகுத்தார்கள். எல்லாக் கட்டளைகளும் ஒரே நீளம், 4 பைட். எக்ஸ்86இல் ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். ஒன்று எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். நீளம் ஒன்றாக இருந்தால் ஒரே நேரத்தில் பல கட்டளைகளைப் பிரித்துப் படிப்பது எளிது. ஆப்பிளின் எம்1 ஒரே சுழற்சியில், அதாவது சிப்பின் ஒரு துடிப்பில், 8 கட்டளைகளைப் பிரித்தெடுத்தது இப்படித்தான்.

ஆப்பிள் அவ்வளவு சுலபமாக எப்படி மாறியது?

சுலபமாகத் தெரிகிறது, ஏனென்றால் அவர்களுக்கு இது மூன்றாவது முறை. 1994இல் மோட்டரோலாவின் 68000 வரிசையிலிருந்து பவர்பிசிக்கு மாறினார்கள். 2006இல் பவர்பிசியிலிருந்து இன்டெல்லுக்கு. 2020 ஜூனில் இன்டெல்லை விட்டுத் தங்கள் சொந்த ஆர்ம் சிப்புக்குப் போவதாக அறிவித்து, நவம்பரில் எம்1 சிப்புடன் மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ, மேக் மினி மூன்றையும் வெளியிட்டார்கள். 2023 ஜூனில் மேக் ப்ரோவும் மாறியதோடு இன்டெல் மேக் விற்பனை முடிந்தது.

எம்1 நல்ல சிப். ஆனால் என் கணிப்பில் இந்த மாற்றத்தை நடத்திக் காட்டியது அந்த சிப் மட்டும் இல்லை. சிப், இயங்குதளம், கணினி, மென்பொருள் எழுதுபவர்களுக்கான கருவிகள் நான்கும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. "இன்டெல் மேக் இனி வராது" என்று அவர்கள் சொன்ன நிமிடமே மேக்குக்கு மென்பொருள் எழுதும் எல்லோருக்கும் வேறு வழி இல்லாமல் போனது. மாறித்தான் ஆக வேண்டும்.

மொழிபெயர்ப்பு மென்பொருளான ரோசெட்டா 2ஐயும் சொல்ல வேண்டும். இன்டெல் மேக்குக்கான மென்பொருளை நிறுவும்போதோ முதல்முறை திறக்கும்போதோ மொத்தமாக ஆர்ம் கட்டளைகளாக மாற்றிச் சேமித்து வைத்துக்கொள்ளும். இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். நினைவகத்தில் எழுதும் வரிசையைப் பற்றி எக்ஸ்86 கண்டிப்பான விதி வைத்திருக்கிறது. ஆர்மில் அந்த விதி தளர்வானது. மொழிபெயர்த்த மென்பொருள் தவறில்லாமல் ஓட வேண்டுமானால் ஒவ்வோர் இடத்திலும் கூடுதல் சரிபார்ப்பு வைக்க வேண்டும், வேகம் அடிபடும். ஆப்பிள் என்ன செய்தது தெரியுமா? எக்ஸ்86 விதிப்படியே நடந்துகொள்ளும் ஒரு முறையைத் தன் ஆர்ம் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டது. பழைய மென்பொருளுக்காகப் புது சிப்பின் வடிவமைப்பையே மாற்றினார்கள். பயனரின் பழைய வேலை கெடக்கூடாது என்ற அக்கறை இப்படித்தான் இருக்க வேண்டும்.

விண்டோஸ் பக்கம் ஏன் அப்படி நடக்கவில்லை?

முதல் முயற்சியே மோசமாகப் போனது. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டியை வெளியிட்டது. உள்ளே என்விடியாவின் டெக்ரா 3 ஆர்ம் சிப். பார்த்தால் விண்டோஸ் 8 போலவே இருக்கும். ஆனால் அது விண்டோஸ் ஆர்டி. மக்கள் தங்களிடம் இருந்த மென்பொருளை நிறுவப் பார்த்தார்கள், எதுவும் ஏறவில்லை. உள்ளேயே வந்த ஆபீஸும், ஸ்டோரில் இருந்த கொஞ்சம் மென்பொருள்களும் மட்டும்தான். 2013 ஜூலையில் விற்காமல் தங்கிய சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

2017 டிசம்பரில் ஸ்னாப்டிராகன் 835 சிப்பை வைத்து எச்பியும் ஏசுஸும் மறுபடி லேப்டாப்களை அறிவித்தன. இந்த முறை பழைய மென்பொருள் ஓடியது, ஆனால் 32 பிட் மட்டும். 64 பிட் மென்பொருளும் ஓட 2021இல் விண்டோஸ் 11 வர வேண்டியிருந்தது.

உண்மையான திருப்பம் 2024 ஜூன் 18. அன்று ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட், எக்ஸ் பிளஸ் சிப்களுடன் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸும், ஏசர், ஏசுஸ், டெல், எச்பி, லெனோவோ, சாம்சங் லேப்டாப்களும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கடைக்கு வந்தன. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஒரே நாளில் ஒரு புது சிப்பை எடுத்தது முன்பு நடக்காதது. ஆனாலும் இவர்களில் யாரும் இன்டெல்லையோ ஏஎம்டியையோ விடவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அதில் தவறும் இல்லை, அது அவர்கள் வியாபாரம். ஆனால் மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனத்துக்கு "நாளைக்குள் மாறியாக வேண்டும்" என்ற நெருக்கடி இதனால் வருவதில்லை. மேக்குக்கும் விண்டோஸுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் என் பழைய மென்பொருள் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் வந்த பிரிசம் என்ற மொழிபெயர்ப்பு முறை, எக்ஸ்86 மென்பொருளை ஓடும்போதே ஆர்ம் கட்டளைகளாக மாற்றிக்கொடுக்கிறது. நீங்கள் எதையும் செய்ய வேண்டாம், நிறுவித் திறந்தால் போதும். அன்றாடம் பயன்படும் பலவற்றுக்கு ஆர்ம் பதிப்பே வந்துவிட்டது. ஆபீஸ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், போட்டோஷாப் எல்லாம் மொழிபெயர்ப்பு இல்லாமல் நேரடியாக ஓடுகின்றன.

மொழிபெயர்த்து ஓடும் மென்பொருளுக்கு வேகம் கொஞ்சம் குறையும், மின்சாரம் கொஞ்சம் கூடும். கடிதம் அடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நாள் முழுக்க கனமான மென்பொருளில் வேலை செய்பவருக்குத் தெரியும்.

அப்படியென்றால் எதுதான் ஓடாது?

இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. நிதானமாகப் படியுங்கள்.

மொழிபெயர்ப்பு என்பது சாதாரண மென்பொருளுக்கு மட்டும்தான். பிரின்டர் போன்ற கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர்களுக்குக் கிடையாது. விண்டோஸின் மையப் பகுதியான கருவுக்குள் ஓடும் டிரைவர் எதுவாக இருந்தாலும் அதை ஆர்முக்கென்றே தயாரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கருவி வேலை செய்யாது. பாதி வேகத்தில்கூட ஓடாது.

இதில் மாட்டுவது யார் என்று பாருங்கள். பத்து வருடப் பழைய பிரின்டர், ஸ்கேனர் வைத்திருப்பவர்கள். புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் பொதுவான டிரைவரிலேயே ஓடிவிடும். பழையதுக்கு நிறுவனம் புது டிரைவர் எழுதித் தராது. அப்புறம், டாங்கிள் என்ற சின்ன யுஎஸ்பி சாவியைச் செருகினால்தான் திறக்கும் மென்பொருள் வைத்திருக்கும் டிடிபி கடைகளும் பொறியாளர்களும். டாங்கிளுக்கும் டிரைவர் வேண்டும். வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருக்கும் ஆடிட்டர்கள். ஆதார் கைரேகைக் கருவியை நம்பி இருக்கும் சேவை மையங்கள். இவர்களில் யாராவது ஒருவராக நீங்கள் இருந்தால், கருவியைச் செய்த நிறுவனத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் "ஆர்ம்64" என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அல்லது அவர்களுக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "ஓடும்னு நினைக்கிறேன்" என்பது பதில் இல்லை.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் சில விளையாட்டுகளும் இப்படித்தான். ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள் கருவுக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஆர்ம் பதிப்பு இல்லையென்றால் விளையாட்டே திறக்காது. விளையாடுவதற்காகவே லேப்டாப் வாங்குகிறீர்கள் என்றால் எக்ஸ்86ஐ வாங்குங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தமிழில் தட்டச்சு செய்ய சிக்கல் வருமா?

எழுத்துருக்களுக்குச் சிக்கல் இல்லை. எழுத்துரு என்பது தரவு, நிரல் இல்லை. யூனிகோடு எழுத்துருவும் சரி, பாமினி போன்ற பழைய எழுத்துருவும் சரி, எந்த சிப்பிலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

விசைப்பலகை மென்பொருள் வேறு விஷயம். விண்டோஸுக்குள் நுழைந்து நாம் தட்டும் விசையை இடைமறித்து மாற்றும் உள்ளீட்டு மென்பொருள்கள் ஆர்ம் கணினியில் சரியாக ஓடாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. எக்ஸ்86க்காக எழுதிய உள்ளீட்டு மென்பொருளின் கோப்பு, ஆர்முக்கான வேர்டுக்குள் ஏற முடியாது என்பதுதான் காரணம். வருடக்கணக்காக இப்படி ஒரு மென்பொருளை வைத்து எழுதுபவர்கள் வாங்குவதற்கு முன் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், தமிழ்99, அஞ்சல் இரண்டும் 2019இலிருந்து விண்டோஸிலேயே இருக்கின்றன. அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும். எந்த சிப்பாக இருந்தாலும் ஓடும். மேக்கிலும் இவை முன்பிருந்தே உண்டு. புதிதாகத் தட்டச்சு கற்பவர்களுக்கு இதையே பழகச் சொல்கிறேன். அடுத்த கணினி எதுவானாலும் கை தடுமாறாது.

பேட்டரி நிஜமாகவே கூடுதல் நேரம் வருகிறதா? அது ஆர்மின் மகிமையா?

வருகிறது. எம்1 மேக்புக் ஏருக்கு விசிறியே கிடையாது. அதற்கு முந்தைய இன்டெல் ஏரில் விசிறி இருந்தது. மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் பேட்டரி அப்படியே இருப்பதும் பெரிய நிம்மதி.

ஆனால் எல்லாப் புகழையும் கட்டமைப்புக்கே கொடுப்பது சரியில்லை. நுணுக்கமான உற்பத்தி முறை, சிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்த நினைவகம், வேலை குறைவாக இருக்கும்போது குறைந்த மின்சாரத்தில் கணக்கிடும் சின்னப் பகுதிகளான கோர்களுக்கு மாறுவது ஆகியவற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. இதற்கு நேரடி சாட்சி இன்டெல்லே கொடுத்தது. 2024 செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசை சிப்களை இன்டெல் டிஎஸ்எம்சியில் செய்து, நினைவகத்தைச் சிப்போடு சேர்த்து வைத்தது. அந்த லேப்டாப்களின் பேட்டரி ஆர்ம் லேப்டாப்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கட்டளைகள் அதே பழைய எக்ஸ்86தான். ஆகவே பேட்டரி மட்டும்தான் வேண்டும், மென்பொருள் கவலை வேண்டாம் என்பவர்கள் இந்த வரிசையையும் பாருங்கள்.

அப்போது எக்ஸ்86 அழிந்துவிடாதா?

அதற்கான அறிகுறி இல்லை. 2024 அக்டோபரில், பல காலமாக எதிரிகளாக இருந்த இன்டெல்லும் ஏஎம்டியும் எக்ஸ்86ஐச் சேர்ந்து வழிநடத்த ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தன. டெல், எச்பி, லெனோவோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. போட்டி வந்ததால் நடந்தது இது. ஆர்ம் லேப்டாப்பே வாங்காதவருக்கும் இந்தப் போட்டியால் நல்ல இன்டெல் லேப்டாப் கிடைத்திருக்கிறது.

புதிய கட்டமைப்பு வந்து தோற்றுப்போனது உண்டா?

உண்டு. அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போகும் நேரம் வந்தபோது, இன்டெல்லும் எச்பியும் சேர்ந்து ஐடேனியம் என்ற புத்தம் புதுக் கட்டமைப்பை உருவாக்கின. 1994இல் தொடங்கிய கூட்டு, சிப் 2001இல் வந்தது. பழைய எக்ஸ்86 மென்பொருளை ஓட்டும்போது அது மிக மெதுவாக இருந்தது. நிரலை மாற்றித் தரும் கம்பைலர்தான் வேகத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். அந்த அளவுக்குக் கம்பைலர் வரவே இல்லை.

அப்போது ஏஎம்டி வேறு வழியில் போனது. பழைய எக்ஸ்86ஐ அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் 64 பிட்டைச் சேர்த்தது. 2003 ஏப்ரலில் ஆப்டெரான், செப்டம்பரில் அத்லான் 64. நேற்று ஓடியது இன்றும் முழு வேகத்தில் ஓடியது. 64 பிட் மென்பொருள் வரும்போது வரட்டும் என்று மக்கள் தைரியமாக வாங்கினார்கள். 2004இல் இன்டெல்லே ஏஎம்டியின் முறையை எடுத்துக்கொண்டது. ஐடேனியம் சர்வர்களில் ஓர் ஓரமாக இருந்து, 2021இல் கடைசி சிப்கள் அனுப்பப்பட்டதோடு முடிந்தது.

இத்தனை பணமும் இவ்வளவு பெரிய நிறுவனங்களும் பின்னால் நின்றும் ஐடேனியம் தோற்றது. அதற்கு என் பதில் ஒன்றுதான். புது சிப் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மக்கள் பார்ப்பதில்லை, தங்கள் பழைய வேலை தடையில்லாமல் நடக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பதுதான் சரியும்கூட. லேப்டாப் வாங்கும்போது நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

சர்வர்களில் மட்டும் ஆர்ம் எப்படி அவ்வளவு சீக்கிரம் நுழைந்தது?

அங்கே ஓடும் மென்பொருளில் பெரும்பகுதி திறந்த மூலம். மூல நிரல் கையில் இருப்பதால் புது சிப்புக்கு மறுபடி கம்பைல் செய்தால் போதும். அமேசான் 2018இலிருந்து தன் சொந்த ஆர்ம் சிப்பான கிராவிட்டானை வாடகைக்கு விடுகிறது. ஜப்பானின் ஃபுகாக்கு சூப்பர் கணினி ஃபுஜிட்சுவின் ஆர்ம் சிப்பை வைத்து 2020 ஜூனில் உலகின் வேகமான கணினியானது. பிரின்டரும் டாங்கிளும் இல்லாத உலகம் அது.

ஏஐ பிசி என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெயரளவில்தான். கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு மைக்ரோசாஃப்ட் 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும் ஏஐ பகுதி ஆகியவற்றைக் கேட்டது. 2024 ஜூனில் அதைத் தாண்டியது ஸ்னாப்டிராகன் மட்டுமே. சில மாதங்களில் இன்டெல், ஏஎம்டி சிப்களும் தாண்டிவிட்டன. இந்த முத்திரைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதனால் 16 ஜிபி நினைவகம் கட்டாயமானது ஒன்றுதான் எல்லோருக்கும் உண்மையாகப் பயன்படுவது.

நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சிப் மேக்குகளில் நினைவகம் சிப்போடு சேர்ந்து வருகிறது. ஸ்னாப்டிராகன் லேப்டாப்களிலும் பெரும்பாலும் போர்டில் பற்றவைத்ததுதான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஐந்து வருடம் கழித்து ஒரு நினைவக அட்டையைப் போட்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எவ்வளவோ பணத்தை மிச்சப்படுத்தியது. இப்போது வாங்கும் நாளிலேயே ஐந்து வருடத்துக்குச் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. 8 ஜிபியை விட்டுவிடுங்கள், 16 ஜிபியிலிருந்து தொடங்குங்கள்.

லினக்ஸ் போடலாமா?

ஆர்மில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் லேப்டாப்களில் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக வேலை நடக்க வேண்டியிருக்கிறது. ஸ்னாப்டிராகன் மாடல்களில் சிலவற்றில் கேமராவோ ஒலியோ சரியாக வராமல் போகலாம். மேக்கில் அசாகி லினக்ஸ் குழுவினர் எம்1, எம்2 மாடல்களுக்கு அருமையாகச் செய்திருக்கிறார்கள். லினக்ஸுக்காகவே வாங்குபவருக்கு இன்னும் எக்ஸ்86தான் நிம்மதி.

இன்டெல் மேக் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வரும்?

மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிள் சொல்லிவிட்டது. அதுவும் எல்லா இன்டெல் மேக்குக்கும் கிடைக்காது. ரோசெட்டா 2 முழு வடிவில் மேக்ஓஎஸ் 27 வரை இருக்கும். முதல் ரோசெட்டாவும் 2006இல் வந்து 2011இல் எடுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பு மென்பொருள் எப்போதும் தற்காலிக ஏற்பாடுதான். ஆகவே ஆர்ம் மேக் வைத்திருப்பவர்களும் தங்களிடம் இன்டெல் பதிப்பில் எது இன்னும் ஓடுகிறது என்று இப்போதே பாருங்கள். ஆக்டிவிட்டி மானிட்டரில் ஒவ்வொரு மென்பொருளின் வகையும் ஆப்பிள், இன்டெல் என்று காட்டும்.

சென்னை ஐஐடியில் ஒரு சிப் செய்தார்களே, அதுவும் ஆர்மா?

இல்லை, அது ரிஸ்க்-ஃபைவ். 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த கட்டமைப்பு. அதன் கட்டளைகளைப் பயன்படுத்த யாருக்கும் உரிமக் கட்டணம் கொடுக்க வேண்டாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் நடந்த சக்தி திட்டம் இதை வைத்துத்தான். 2018இல் சக்தி சிப்கள் கையில் வந்தன. ஒன்றை இன்டெல்லின் 22 நானோமீட்டர் முறையிலும், இன்னொன்றை இந்தியாவிலேயே 180 நானோமீட்டர் முறையிலும் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சிப்பை அறிவித்தார்கள்.

நாளைக்கே இதில் லேப்டாப் வருமா என்று கேட்டால், கடைக்கு வரும் அளவில் இல்லை. கட்டுப்பாட்டுக் கருவிகளில்தான் ரிஸ்க்-ஃபைவ் முதலில் பரவுகிறது. ஆனால் பிராசசரை ஆரம்பத்திலிருந்து வடிவமைக்கத் தெரிந்த மாணவர்களை நம் ஊரில் உருவாக்கியிருக்கிறதே, அந்தத் திட்டத்தின் மதிப்பு எனக்கு அங்கேதான் தெரிகிறது. கணினிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சக்தியின் நிரலைத் திறந்து பாருங்கள், எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது.

பதிவிறக்கும்போது எந்தக் கோப்பை எடுக்க வேண்டும்?

ஸ்னாப்டிராகன் என்றால் "ஆர்ம்64" என்று போட்டிருப்பதை. அது இல்லையென்றால் "எக்ஸ்64", அதாவது 64 பிட் எக்ஸ்86. லினக்ஸ் பக்கங்களில் "ஏஎம்டி64" என்றிருந்தால் இன்டெல் சிப் வைத்திருப்பவர்களும் அதைத்தான் எடுக்க வேண்டும். 2003இல் ஏஎம்டி வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. நிறுவிய பிறகு விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் கட்டமைப்பு என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் எது நேரடியாக ஓடுகிறது, எது மொழிபெயர்ப்பில் ஓடுகிறது என்று தெரியும்.

முடிவாக, யார் வாங்கலாம்?

உலாவி, ஆபீஸ், ஆன்லைன் வகுப்பு, படம், எழுத்து வேலை என்று இருப்பவர்கள் தாராளமாக ஆர்ம் வாங்கலாம். கலை, வணிகம், சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு நல்ல தேர்வு. பொறியியல் மாணவர்கள் தங்கள் துறை ஆய்வகத்தில் என்னென்ன மென்பொருள் என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டோக்கன், டாங்கிள், கைரேகைக் கருவி, பழைய பிரின்டர் இவற்றில் ஏதாவது ஒன்றால் சம்பாதிப்பவர்கள் எக்ஸ்86இலேயே இருங்கள்.

வாங்குவது என்று முடிவானால், வாங்கும் முன்பே திருப்பிக் கொடுக்கவோ மாற்றிக்கொள்ளவோ எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள், கருவி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அந்த அவகாசத்துக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முதலில் பிரின்டரிலிருந்து தொடங்குங்கள்.